கார் மேல ஒரு பரண்

தை மாசம் பூரா ஒண்ணும் எழுதலை. ஏன் என்று கேட்ட ரெண்டு மூணு பேருக்கு "வேலைங்க" என்று சொல்லிவிட்டேன். வேலை இருந்தது உண்மைதான். ஆனால் காரணம் அது இல்லை. எழுத வேண்டிய விஷயம் பையனைப் பற்றியது. "எழுதிக்குங்கப்பா, பேரு மட்டும் வேண்டாம்" என்று அவன் சொன்ன பிறகுதான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

காரின் கூரை மேல் விரித்துப் படுக்கிற கூடாரத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் போன ஆடி மாசம்தான் முதல்முதலாகப் பார்த்தேன். பையன் கோயமுத்தூரிலிருந்து வந்தான். வண்டி மேல் கறுப்பு உறை போட்டு, கட்டிலை மடித்து வைத்த மாதிரி ஒரு பெட்டி. "என்ன கண்ணு, யாராவது வீடு காலி பண்றாங்களா?" என்றேன். "இல்லீங்கப்பா, இதுதான் வீடு" என்று சிரித்தான். உறையைக் கழற்றி, ஒரு ஏணியைப் பிடித்து இழுத்தான். மடித்த பலகை புத்தகம் பிரிகிற மாதிரி பிரிந்து, பாதி வண்டி மேலும் பாதி வெளியே அந்தரத்திலுமாக நின்றது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பாதிக்கு அந்த ஏணிதான் முட்டு. உள்ளே ரெண்டு அங்குல மெத்தை, நாலு பக்கமும் ஜன்னல், கொசுவலை. ரெண்டு பேர் தாராளமாய்ப் படுக்கலாம்.

விலையைக் கேட்டேன். ஒரு லட்சத்துப் பத்தாயிரம் என்றான்.

எங்கள் போர்வெல் மோட்டார் அப்போதுதான் குழிக்குள் மாட்டிக்கொண்டு கிடந்தது. அறுபதாயிரம் கேட்டிருந்தேன். "அடுத்த மாசம் அனுப்பறேனுங்கப்பா" என்று சொல்லியிருந்தான். அந்த நேரத்தில் இதைக் கொண்டுவந்து நிறுத்தினால் எப்படி இருக்கும்? வாய் நிற்கவில்லை. "படுக்க இடமில்லாத நாடோடியா நாம? கார் மேல கூரை போட்டுப் படுக்க?" என்று கத்திவிட்டேன். அக்கம் பக்கம் கேட்கிற மாதிரி கத்தினேன். அவன் ஒண்ணும் பேசாமல் மடித்துக் கட்டிக்கொண்டு சாயங்காலமே கிளம்பிவிட்டான். மோட்டாருக்குப் பணம் மட்டும் புரட்டாசியில் வந்தது. தீபாவளிக்கு ஆள் வரவில்லை.

பொங்கலுக்கு வந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான். மாட்டுப் பொங்கல் முடிந்த ராத்திரி, "அப்பா, மறையூர் வரைக்கும் போயிட்டு வரலாமுங்களா? ரெண்டு ராத்திரி" என்றான். பால் யார் கறப்பது என்று எப்போதும் சொல்கிற பதிலைச் சொல்ல வாயெடுத்தேன். எங்க வீட்டம்மா அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "ஏனுங்க, நானும் இருபத்தஞ்சு வருஷமா மாட்டுக்கு நான் இருக்கறனுங்கறேன். ஒரு தடவை போயிட்டு வாங்க. அவன் கூப்பிடறப்பப் போகோணும்."

எங்கள் நிலம் மூணரை ஏக்கர். தாராபுரத்துக்குத் தெற்கே. ஒண்ணரை ஏக்கர் அமராவதி வாய்க்கால் பாசனம், மிச்சம் மேட்டாங்காடு. ரெண்டு கறவை மாடு. காலையில் ஆறு மணிக்கும் சாயங்காலம் அஞ்சு மணிக்கும் சொசைட்டிக்குப் பால் ஊற்ற வேண்டும். மாடு வைத்திருக்கிறவனுக்குத் தெரியும், கல்யாணத்துக்குப் போனாலும் பந்தி முடிஞ்சதும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வெளியூரில் நான் கடைசியாகத் தங்கியது எங்கம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது. பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

கிளம்புகிற அன்று காலையில் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தேன். பாரம் ஏற்றுகிற விஷயம் என்றால் எனக்குக் கொஞ்சம் தெரியும், மாட்டு வண்டி ஓட்டிய ஆள். கூடாரம் மட்டும் அறுபது கிலோ. "இது மேல நாம ரெண்டு பேரும் ஏறினா நூத்தி நாப்பது கிலோ சேருமே, கூரை தாங்குமா?" என்று கேட்டேன். பையன் சொன்னது நியாயமாக இருந்தது. வண்டி ஓடும்போது கூரை தாங்குகிற பாரம் வேறு, நிற்கும்போது தாங்குகிற பாரம் வேறு. ஓடும்போது வளைவில் பாரம் பக்கவாட்டில் இழுக்கும், பிரேக் போட்டால் முன்னால் தள்ளும். அதனால் கம்பெனிக்காரன் ஓட்டத்துக்குக் குறைத்துத்தான் சொல்லுவான். நிற்கும்போது பாரம் நேராகக் கீழே அமுக்குகிறது, அவ்வளவுதான். பல மடங்கு தாங்கும். ஓட்டத்துக்கு எத்தனை கிலோ என்று வண்டியோடு வருகிற புத்தகத்தில் போட்டிருக்கும். கூரைக் குறுக்குக் கம்பி தாங்குகிற எடையையும் பார்க்க வேண்டும். ரெண்டில் எது குறைவோ அதுக்குள் கூடாரத்தின் எடை அடங்க வேண்டும். இதைப் பார்க்காமல் வாங்கி மாட்டக் கூடாது.

இன்னொரு விஷயம். தலையில் பாரம் ஏறினால் வண்டியின் நடை மாறிவிடும். வைக்கோல் பாரம் ஏற்றின வண்டி பள்ளத்தில் இறங்கினால் எப்படி ஆடும், அதே ஆட்டம்தான். வளைவில் மெதுவாகப் போக வேண்டும். காத்துத் தடுப்பதால் டீசலும் கூடக் குடிக்கிறது. தாழ்ந்த கிளை, கடைவாசல் தகரம் எல்லாம் இடிக்கும். எங்கள் தோட்டத்து வேப்பமரக் கிளையை ஒடித்துவிட்டுத்தான் வெளியே போனோம்.

உடுமலை தாண்டி, ஒன்பதாறு செக்போஸ்ட்டில் நிறுத்தினார்கள். மேலே என்ன என்று கேட்டார்கள். பையன் சொன்னான். "காட்டுக்குள்ள எங்கயும் நிறுத்தக் கூடாது, இதை விரிக்கவே கூடாது" என்றார் அங்கிருந்தவர். சரிதான். அந்தப் பக்கம் ஆனைமலைப் புலிகள் காப்பகம், எல்லை தாண்டினால் சின்னாறு சரணாலயம். இந்தக் கூடாரம் இருக்கிறதே என்று எங்கே வேண்டுமானாலும் படுத்துவிட முடியாது. காட்டுக்குள் கூடவே கூடாது. வெளியே என்றாலும் நிலத்துக்காரர் சம்மதம் வேண்டும். நம்ம தோட்டத்தில் கேட்காமல் ஒருத்தன் வண்டியை நிறுத்திப் படுத்தால் நாம் விடுவோமா?

வழியில் அமராவதி அணைத் தண்ணீர் தெரிந்தது. எனக்கு அந்தத் தண்ணீர் வாய்க்கால் மதகில்தான் பழக்கம். எந்தத் தேதியில் திறப்பான், எத்தனை நாள் விடுவான் என்றுதான் தெரியும். எங்கிருந்து வருகிறது என்று போய்ப் பார்த்ததில்லை. பாம்பாறு, சின்னாறு, தேனாறு மூணும் சேர்ந்துதான் அணைக்கு வருகிறது. கேரளாவில் 44 ஆறு ஓடுகிறதாம். அதில் கிழக்கே திரும்பி ஓடுகிற ஆறு மூணே மூணு: கபினி, பவானி, பாம்பாறு. அந்த மூணில் ஒண்ணைக் குடித்துத்தான் எங்கள் நெல் விளைகிறது. அம்பத்தஞ்சு வயசில் இப்போதுதான் அதன் மேல்பக்கத்தைப் பார்க்கப் போகிறேன்.

மறையூர் போனதும் எனக்கு ஊர் மாறின மாதிரியே இல்லை. சுற்றி மலை, நடுவில் கரும்பு. பேச்செல்லாம் தமிழ். அஞ்சுநாடு என்று அந்தப் பக்கத்துக்குப் பேர். அங்குள்ள பழங்குடிகள் பல தலைமுறைக்கு முன்னால் மதுரைப் பக்கமிருந்து வந்தவர்கள் என்று சொல்லுகிறார்கள். பையன் கூட வேலை பார்த்த பையனின் மாமா ஒருத்தர் அங்கே கரும்பு வைத்திருக்கிறார். அவர் தோட்டத்தில் தங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

வண்டியை எங்கே நிறுத்துவது என்று நான் இடம் பார்த்தேன். கரும்பு ஓரமாய் நல்ல சமமான தரை ஒண்ணு இருந்தது. பெரியவர் தலையை ஆட்டினார். "அங்க வேண்டாம் தம்பி. கரும்புக்கு யானை வரும்." நான், "மேலதானுங்களே படுக்கிறோம், ஏழடி உயரம் இருக்கே" என்றேன். அவர் சிரித்தார். "ஏழடி அதுக்கு ஒரு உயரமா? தும்பிக்கைய நீட்டினா உங்களத் தட்டி எழுப்பிரும்." பாம்பு, தேள், பூரான், நாய் இதுகளுக்குத்தான் அந்த உயரம் பாதுகாப்பு. யானைக்கு இல்லை. சாப்பாட்டுச் சாமான் எதையும் கூடாரத்துக்குள் வைக்க வேண்டாம், வாசத்துக்கு வரும் என்றும் சொன்னார். ஆலைக் கொட்டகைக்குப் பக்கத்தில், வெளிச்சம் இருக்கிற இடத்தைக் காட்டினார்.

அங்கே தரை கொஞ்சம் சாய்வு. இதில் மட்டும் பையனுக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒண்ணு கிடைத்தது. ஒரு டம்ளரில் தண்ணீர் நிறைய ஊற்றி வண்டிக்குள் தரையில் வைத்துச் சாய்வு பார்த்தேன். தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்கு முன்னால் பட்டைக்கல் போட்டு, மேலே ஏற்றி, மற்ற சக்கரங்களுக்கு அணை கொடுத்தோம். சாய்வில் படுத்தால் ராத்திரி பூரா ஒருத்தர் மேல் ஒருத்தர் உருண்டுகொண்டே இருக்க வேண்டியதுதான். காய்ந்த கிளைக்கு அடியில் இல்லை, தண்ணி ஓடுகிற பள்ளத்தில் இல்லை, காத்து வருகிற பக்கம் வாசல் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். காவலுக்குப் பரண் போடுகிறபோது பார்க்கிற அதே கணக்குதான்.

இருட்டிவிட்டது. விளக்கு எடுக்கிறேன் என்றேன். "வேண்டாமுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் பையன் இருட்டிலேயே வேலை பார்த்தான். உறை, வார், ஏணி, கம்பி, ஜன்னல் கொக்கி. கை தானாகப் போகிறது. அஞ்சு நிமிஷம் ஆகவில்லை. மாட்டைக் கட்டுகிற மாதிரி, பார்க்காமல் முடிச்சுப் போட்டான். அப்போதே எனக்கு மனசில் ஏதோ தட்டியது. வருஷத்தில் நாலு தடவை ஊர் சுற்றுகிறவனுக்கு இந்தக் கைப்பழக்கம் வராது. மேலே ஏறிப் பார்த்தால் ஒரு மூலையில் துணிப்பை. உள்ளே சவர செட்டு, சோப்பு டப்பா, ஒரு எவர்சில்வர் தட்டு, டம்ளர். மெத்தைக்கு அடியில் நம்ம வீட்டுக் கோரைப்பாய். "பாய் எதுக்கு கண்ணு?" என்றேன். "மெத்தைக்கு அடியில ஈரம் கோர்க்குமுங்கப்பா. பாய் போட்டா காத்துப் போகும். மார்கழிலதான் கண்டுபிடிச்சேன்" என்றான். மார்கழியில் எங்கே போனான் என்று நான் கேட்கவில்லை.

அன்று ராத்திரியும் ஆலையில் ஒரு கொப்பரை ஓடியது. சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பார்த்தோம். கரும்பைப் பிழிந்த சக்கையையே காயவைத்து அடுப்புக்குப் போடுகிறார்கள். பாகு பதமானதும் மரத்தொட்டியில் கொட்டி ஆறவைத்து, சூட்டோடு கையால் உருட்டுகிறார்கள். நம்ம ஊர் அச்சு வெல்லம் மாதிரி இல்லை, உருண்டை. மறையூர்ச் சர்க்கரைக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பெரியவர் சூடான பாகை ஒரு வாழைச்சருகில் ஊற்றிக் கொடுத்தார். "குறியீடு கிடைச்சுது, விலை கிடைக்கல" என்று அவர் சொன்னபோது நானும் அவரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். அந்தச் சிரிப்புக்கு மொழி வேண்டியதில்லை.

மேலே ஏறிப் படுத்தோம். ஏணியில் ஏறுவது பெரிசில்லை, முட்டி வலி இருக்கிறவனுக்கு இறங்குவதுதான் பெரிசு. மச்சு ஏணியில் இறங்குகிற மாதிரி ஏணியைப் பார்த்துத்தான் திரும்பி இறங்க வேண்டும். ராத்திரி ஒண்ணுக்குப் போக ரெண்டு தடவை இறங்கினேன். செருப்பைக் கீழே விட்டால் பனியில் நனையும், உள்ளே தேள் ஏறும். அதனால் வாசலில் ஒரு பை தொங்குகிறது, அதில் போட்டுக்கொள்ள வேண்டும். என் வயசுக்காரர்கள் யாராவது இதில் படுக்கப் போவதாக இருந்தால், ஏழு மணிக்கு மேல் தண்ணியைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் முதல் யோசனை.

மேல் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தான். நட்சத்திரம் தெரிந்தது. ரெண்டு பேரும் மல்லாக்கப் படுத்திருந்தோம். எனக்குச் சோளக்காட்டுப் பரண் ஞாபகம் வந்தது. அதே உயரம், அதே பனி, பக்கத்தில் ஒரு ஆள். வித்தியாசம், அன்று நான் பையன்.

ரொம்ப நேரம் கழித்துப் பையன் பேசினான். "அப்பா, எனக்கு வேலை போயிடுச்சுங்க."

நான் அசையவில்லை.

"கார்த்திகைலயே போயிடுச்சு. ஆர்டர் இல்லைன்னு நாப்பது பேரை நிறுத்திட்டாங்க. ரூமுக்கு வாடகை கட்டிப் பாத்தேன். வண்டிக்கு மாசத் தவணை வேற. மார்கழில ரூமைக் காலி பண்ணிட்டேன். கூட்டாளி ஒருத்தனோட காலி மனைல வண்டிய நிறுத்தி, இதுலதான் படுத்திருந்தேன். இருபத்தி ரெண்டு நாள்."

ஆலைக் கொட்டகையில் யாரோ சக்கையை அடுப்பில் தள்ளுகிற சத்தம் கேட்டது.

"ஏன் கண்ணு சொல்லலை?"

"ரெண்டு எடத்துல பொண்ணு பாத்துட்டு இருக்கீங்க. வேலை இல்லைன்னா யாரு குடுப்பாங்க? அப்பறம்..." என்று நிறுத்தினான். "ஆடில நீங்க சொன்னீங்களே, படுக்க இடமில்லாத நாடோடியான்னு. அது வந்து வந்து காதுல விழுந்துட்டே இருந்துதுங்க."

ஒரு அப்பன் தன் பையனைத் திட்டினதை இப்படித் திரும்பக் கேட்க நேரக் கூடாதுங்க. தோட்டமும் வீடும் இருக்க, மார்கழிப் பனியில் என் பையன் அந்நிய ஊரில், அடுத்தவன் மனையில், துணிக்கூரைக்குள் படுத்திருக்கிறான். வீட்டுக்கு வருவதை விட அது அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. அப்படி ஆக்கினது நான்தான். நான் கேலி செய்த கூடாரம்தான் அவனுக்குக் கூரையாக இருந்தது.

அப்போது அவனிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. மன்னிச்சுக்கோ என்று சொல்லிப் பழக்கமில்லாத வாய். அதனால் வேறு ஒண்ணைச் சொன்னேன். இதுவரை யாரிடமும் சொல்லாதது.

1986 தை மாசம். பத்தாவது பரிட்சைக்கு ரெண்டு மாசம் இருந்தது. மேட்டாங்காட்டில் சோளம் கதிர் முற்றியிருந்தது. நானும் எங்கப்பாவும் பரணில் காவல் படுத்திருந்தோம். கவணும் தகர டப்பாவும் பக்கத்தில் இருக்கும். எங்கப்பா பகலில் என் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. அன்று ராத்திரி இருட்டில், வானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கண்ணு, கீழ்க்காடு ரெண்டு ஏக்கரா அடமானத்துல இருக்குது. உன்னை மேல படிக்க வைக்க எனக்குத் தோது இல்லை." நான் பாலிடெக்னிக் போக ஆசைப்பட்டிருந்தேன். அவருக்கும் தெரியும். நான் பதிலே சொல்லவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி இருந்துவிட்டேன். விடிகிற வரைக்கும் அவர் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் தூங்கவில்லை. அப்புறம் அதைப் பற்றி ரெண்டு பேரும் பேசவே இல்லை. அவர் போய்ச் சேர்ந்து பதினாறு வருஷம் ஆச்சு. சரீங்கப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

இதை அப்படியே பையனிடம் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, "சரி கண்ணு, வேலை போனா போகட்டும். ஊட்டுக்கு வா. தவணை எவ்வளவு நிக்குது?" என்று கேட்டேன். அவன் கணக்குச் சொல்ல ஆரம்பித்தான். வண்டித் தவணை, கிரெடிட் கார்டு, நண்பனிடம் கைமாத்து. சொல்லச் சொல்லக் குரல் சரியாகிக்கொண்டே வந்தது. ஒரு மணிக்கோ ரெண்டு மணிக்கோ தூங்கினோம்.

மறுநாள் காந்தளூர் போனோம். கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். பூண்டும் முட்டைக்கோசும் படிக்கட்டு மாதிரி மலைச்சரிவில் வெட்டின வயலில் விளைகிறது. பக்கத்தில் ஆப்பிள் மரம், ஆரஞ்சு. வழியில் முனியறை பார்த்தோம். பாறை மேல் நாலு பலகைக்கல் நிறுத்தி, மேலே ஒரு பலகைக்கல் மூடி. ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் இருந்தவர்கள் தங்கள் செத்தவர்களுக்குக் கட்டினது. பையன் அந்த மூடுகல்லைத் தட்டிப் பார்த்து, "இந்தக் கூரைக்கு எத்தனை கிலோ தாங்குமுங்கப்பா?" என்றான். ஆடி மாசத்துக்கு அப்புறம் அவன் என்னிடம் பேசின முதல் விளையாட்டுப் பேச்சு அதுதான்.

அன்று ராத்திரி ஒரு பழத்தோட்டத்தில் தங்கினோம், ஆளுக்கு இவ்வளவு என்று காசு வாங்கினார்கள். கக்கூஸும் தண்ணியும் இருந்தது. குளிர் எலும்பைத் துளைத்தது. நான் ஜன்னல் எல்லாம் சாத்தச் சொன்னேன். பையன் ரெண்டு பக்கமும் நாலு விரல்கடை திறந்தே வைத்தான். மூடினால் நம்ம மூச்சுக் காத்தே குளிர்ந்த துணியில் பட்டுத் தண்ணியாகி, விடியற்காலம் மேலே சொட்டுமாம். நான் பிடிவாதமாய் என் பக்கத்து ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். நாலு மணிக்கு நெற்றியில் சொட்டு விழுந்தது. எழுந்து திறந்தேன். அவன் தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டு சிரித்தான்.

இன்னும் ரெண்டு சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். குளிருது என்று கரி அடுப்பையோ கொசுவத்தியையோ உள்ளே கொண்டு போகக் கூடாது. துணி பற்றும், கரி அடுப்பு என்றால் அதன் புகை தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். சமையல் கீழே, தள்ளி, காத்து போகிற பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்தது, காலையில் ஈரத்தோடு மடித்துக் கட்டினால் வீட்டுக்கு வந்தவுடனே பிரித்து வெயிலில் காயவைக்க வேண்டும். ரெண்டு நாள் விட்டால் பூஞ்சைதான். ஈர வைக்கோலைப் போர் போட்ட மாதிரி ஆகிவிடும்.

திரும்பி வந்ததும் வாசலில் பிரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும்போது பையன் அவன் அம்மாவிடம் சொன்னான். நான் கட்டுத்தறிப் பக்கம் போய் நின்றுகொண்டேன். அவள் அழவில்லை. "சாப்பிட்டயா சாமி அந்த இருபத்தி ரெண்டு நாளும்?" என்று மட்டும் கேட்டாள். அதுக்கு அவன் சொன்ன பதில் என் காதில் விழவில்லை.

மாசியில் திருப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் முன்னை விடக் குறைவு. வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வருகிறான். வண்டியை விற்றுக் கடனை அடைத்துவிட்டோம். பொண்ணு வீட்டாருக்கும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டோம். ஒரு வீட்டில் வேண்டாம் என்றார்கள், இன்னொரு வீட்டில் யோசிக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். கூடாரத்துக்கு எழுபதாயிரம் தருகிறேன் என்று ஒருத்தர் வந்தார். நான்தான் வேண்டாம் என்றேன். பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

மேட்டாங்காட்டில் மக்காச்சோளம் போட்டிருக்கிறேன். காட்டுப்பன்றித் தொல்லை. பழைய மாட்டுக்கொட்டாயில் சும்மா நின்ற நாலு கல்லுக்காலைப் பிடுங்கிக் காட்டு நடுவில் நட்டு, மேலே இரும்புச் சட்டம் அடித்து, அதன் மேல் கூடாரத்தை முடுக்கிவிட்டோம். சனிக்கிழமை ராத்திரியில் பையனும் வந்து படுக்கிறான். ஒரு நாள் எங்க வீட்டம்மாவும் ஏணியைப் பிடித்து ஏறி, மெத்தையை அமுக்கிப் பார்த்து, படுத்துப் பார்த்து, "நல்லாத்தான் இருக்குது, அடுத்த தடவை மாட்டை நீங்க பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

பன்றி பக்கத்தில் வருவதில்லை. மயிலுக்கு மட்டும் ஒரு பயமும் கிடையாது. விடிந்தால் கூடாரத்து மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டு கத்துகிறது.